கப்பல் போகட்டும்

நம் குழுவில் காலை ஐந்து மணிக்கே தலைவர்கள் வந்துவிடுகிறார்கள். இந்தத் தீவில் சூரியனே அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. அதற்குள் போனில் ஒரு பூங்கொத்து, ஒரு உதயசூரியன் படம், அதன் மேல் ஒரு பொன்மொழி. நேற்று வெளிநாட்டுத் தளபதி ஒருவர் விடாமுயற்சியைப் பற்றித் தூய தமிழில் பேசியிருந்தார். முந்தாநாள் அதே வாசகத்தை நம் பழைய பிரதமர் ஒருவர் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் இதையே புத்தர் சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். அனுப்பியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் மூட்டுவலியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவிக்குக் காலையில் யாராவது ஏதாவது சொல்வது நல்லதுதான்.

ஆனால் நானும் பொன்மொழிகளின் நிழலில் வளர்ந்தவள்தான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் வளர்ந்திருப்போம். யாரும் இதுவரை நம் குழுவில் அனுப்பாத ஒரு வாசகம் என்னிடம் இருக்கிறது. அதைச் சொன்னவர் தலைவரும் இல்லை, தளபதியும் இல்லை. ஆனாலும் அதை என் தோழி ஒரு மேடையில் வைத்துச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அப்போது நாங்கள் போர்ட் பிளேருக்கு வடக்கே, லாங் ஐலண்டு என்ற சின்னத் தீவில் இருந்தோம். அரசு மர ஆலையில் அப்பாவுக்கு மரம் அளக்கும் வேலை. காலையில் ஆலைச் சங்கு ஊதினால் ஊர் எழுந்திருக்கும். மாலையில் ஊதினால் ஊர் குளிக்கும். படாக் மரத்தூள் சிவப்பாகக் காற்றில் பறக்கும். வெள்ளைச் சட்டை என்று ஒன்று எங்கள் ஊரில் யாரிடமும் கிடையாது, எல்லாம் இளஞ்சிவப்புதான். அப்பா வேட்டியை உதறினால் வாசலில் குங்குமம் கொட்டியது மாதிரி இருக்கும். அந்த மரத்தூள் வாசனையும், ஜெட்டி என்கிற படகுத்துறையில் போட்டிலிருந்து வரும் டீசல் வாசனையும், காய்ந்த மீன் வாசனையும் சேர்ந்த ஒன்றுதான் என் மூக்குக்குத் தெரிந்த சொந்த ஊர்.

அப்பாவின் சொந்த ஊர் வேறு. ராமநாதபுரம் பக்கம். கடலுக்கு அக்கரையில் இருக்கும் இந்தியாவை இங்கே மெயின்லேண்டு என்பார்கள். அவர் எந்தப் பேச்சை எடுத்தாலும் "ரிட்டயர் ஆனதும் மெயின்லேண்டு போயிறணும்" என்றுதான் முடிப்பார். வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதில் ஊருக்குப் போகும்போது உடுத்த எங்கள் எல்லோருக்கும் புதுத்துணி, நடுநடுவே பூச்சி உருண்டை. நான் வளர வளர அந்தப் பாவாடை எனக்குச் சின்னதாகி, வேறு பாவாடை உள்ளே போகும். பெட்டி மட்டும் போகவில்லை. கப்பல் எப்போது, டிக்கெட் எப்போது, கடல் எப்படி என்பதுதான் ஊரில் எல்லா வீட்டுப் பேச்சும். கப்பலைத் தவறவிட்டவனை எங்கள் ஊரில் செத்த வீட்டுக்காரனைப் பார்ப்பது போல் பார்ப்பார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஹெட்மாஸ்டர் வந்தார். திருநெல்வேலிக்காரர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்ததால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில். நல்ல மனுஷன். சரித்திரம் என்றால் உயிர். பள்ளி வராந்தாவில் ஒரு கரும்பலகையை மாட்டி, தினமும் காலையில் ஒரு தலைவரின் வாசகத்தை இந்தியில் எழுதுவார். கீழே ஒரு கோடு இழுத்து, சொன்னவர் பெயர். மணி அடித்ததும் நாங்கள் அதை உரக்கப் படிக்க வேண்டும். சொன்னவர் பெயரை மறந்தால் வெயிலில் நிற்க வேண்டும். "வார்த்தை மட்டும் போதாதுட்டி, அதுக்கு ஒரு ஆளு வேணும்" என்பார்.

வீட்டில் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காத பழக்கம் எங்களுக்கு. ஆகவே தலைவர்களுக்கும் நாங்களாக ஒரு முறை வைத்துக்கொண்டோம். கண்ணாடித் தாத்தா, ரோஜா மாமா, சீருடைத் தலைவர், வில் வைத்தவர், வெள்ளைச் சட்டை ஐயா. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் குடியரசு தினத்துக்குப் போர்ட் பிளேரிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. ஊரே தடதடத்தது. ஜெட்டிப் பலகைக்குத் தார் பூசினார்கள். தென்னை மரங்களுக்கு இடுப்புவரை சுண்ணாம்பு அடித்தார்கள். ஹெட்மாஸ்டருக்கு ஒரு யோசனை உதித்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தலைவர் வேடம் போட்டு, அவர் சொன்ன பெயர்பெற்ற வாசகத்தைச் சொல்ல வேண்டும். யாருக்கு யார் என்பதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: அவரவர் மெயின்லேண்ட் எதுவோ, அந்த மண்ணின் தலைவர்.

எங்களில் ஒருவர்கூட மெயின்லேண்டைப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். எங்கள் ஊரில் குழந்தை பிறந்ததுமே அதற்கு ஒரு மெயின்லேண்ட் இருக்கும். நான் ராமநாதபுரம். பக்கத்து வீட்டுப் பையன் வங்காளம். ஆலையில் மரம் தூக்குகிறவர்களின் பிள்ளைகள் ராஞ்சி. ஆகவே சீருடைத் தலைவர் வங்காளப் பையனுக்குப் போனார். "ரத்தம் கொடுங்கள், சுதந்திரம் தருகிறேன்" என்று அவன் காலை முதல் மாலை வரை கத்திக்கொண்டு திரிந்தான். மழைக்காலம் முழுவதும் காட்டு அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து முடித்தவர்கள் நாங்கள். இவன் வேறு கேட்கிறானே என்றிருந்தது. ராஞ்சிப் பையனுக்கு, காட்டு மக்களைத் திரட்டி வெள்ளைக்காரனை எதிர்த்த வில் வைத்தவர்: "ராணி ஆட்சி முடியட்டும், நம் ஆட்சி வரட்டும்." கண்ணாடித் தாத்தா எல்லோருக்கும் பொது என்பதால் பெரிய போட்டி. அந்த வாரம் பேனுக்காக மொட்டை அடிக்கப்பட்ட ஒரு மலையாளப் பையனுக்கு அவர் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு வெள்ளைச் சட்டை ஐயா. வாசகம், "ஆகட்டும், பார்க்கலாம்."

நான் அழுதுவிட்டேன். எல்லோரும் ரத்தம், ஆட்சி என்று முழங்கும்போது நான் மட்டும் மேடையேறி, துணி கடன் கேட்டவளுக்குப் பதில் சொல்வது மாதிரி ஆகட்டும் பார்க்கலாம் என்பதா?

"ஏத்தா, அதுல எம்புட்டு விஷயம் இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார் அப்பா. "முடியாததை முடியும்னு அவரு சொன்னதே இல்ல. சொன்னாருன்னா செஞ்சு முடிச்சிருவாரு."

"மெயின்லேண்டுக்கு எப்பப் போறோம்னு கேட்டா நீங்களும் அதத்தான் சொல்றீங்க" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

இப்போது என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அப்பா ஆலைப் போட்டின் சாரங். போட்டை ஓட்டும் தலைமை ஆளுக்கு இங்கே அதுதான் பெயர். சாரங்கிடம் தகரத்தில் செய்த ஒரு ஊதுகுழல் இருந்தது. வாய்ப்பக்கம் ஒடுங்கி, மறுபக்கம் பூசணிப் பூ மாதிரி விரிந்திருக்கும். போட் வரும்போது அதில்தான் ஜெட்டிக்குக் கூவுவார். அவருடைய மகளுக்கு அந்த ஊதுகுழலே தேவையில்லை. ஜெட்டியில் நின்று அவள் "அப்பூ!" என்று கூப்பிட்டால், நடுக்கடலில் போட்டில் இருக்கும் அவர் திரும்பிப் பார்ப்பார். அப்படி ஒரு தொண்டை. பள்ளியில் பொன்மொழியை உரக்கப் படிக்க எப்போதும் அவளைத்தான் முன்னால் நிறுத்துவார்கள்.

அவளுக்கு மேடை ஏற வேண்டும் என்று கொள்ளை ஆசை. அவள் அப்பா பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்ததே இல்லை. அதிகாரியை ஏற்றிக்கொண்டு வரும் போட் அவருடையதுதான் என்பதால், அன்றைக்கு ஒரு நாளாவது ஜெட்டியில் இருந்து தன் குரலைக் கேட்பார் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

ஹெட்மாஸ்டர் அவளிடம் வந்து நின்றார். அவருடைய இந்தி, கல்லில் சக்கரம் ஏறுவது மாதிரி. "தும்ஹாரா மெயின்லேண்ட் கௌன்சா?" உன் மெயின்லேண்ட் எது?

"யஹீ, சார்" என்றாள். இதுதான், சார்.

வகுப்பு சிரித்தது. ஹெட்மாஸ்டர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி தரையைக் காட்டினாள். லோக்கல் என்று ஊரில் சொல்வார்கள் அவர்களை. வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளாக வந்து, விடுதலையாகி, இங்கேயே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டவர்களின் வம்சம். அவர்களுக்கு எந்த ஊர், என்ன மொழி என்று கேட்டால் இந்தத் தீவைத்தான் காட்டுவார்கள். தீவுக்கு என்று ஒரு தலைவர் ஹெட்மாஸ்டரின் சரித்திரத்தில் இல்லை. "நீ மைக்கைப் பிடிச்சுக்கோ" என்று அவளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் நடந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது அப்பாதான் பேச்சை எடுத்தார். "சாரங் மகளுக்கும் ஏதாச்சும் குடுங்க சார். நல்ல தொண்டை, வீணாப் போகுது."

"எதைக் குடுக்கச் சொல்லுதிய?" என்றார் ஹெட்மாஸ்டர், குழம்பைப் பிசைந்துகொண்டே. "பூட்டன் பஞ்சாபுங்காவ. பூட்டி ஒரிசாப் பக்கமுங்காவ. இன்னொரு பக்கம் மதராசுங்காவ. ஒரு வீட்டுக்குள்ள நாலு தேசம். நான் எந்தத் தலைவரை எடுக்க?"

"கைதியா வந்த ஆளுங்க" என்றாள் அம்மா மெல்லிய குரலில். அவளுக்கு அந்த வீட்டின் மேல் ஒரு ஒதுக்கம். நான் விளையாடப் போகலாம்; பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. எந்த ஊர், என்ன ஆட்கள் என்று தெரியாத வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் தப்பு என்பது அவள் கட்சி. அப்பாவும் அதை மறுத்ததில்லை.

ஹெட்மாஸ்டரின் கை இலையிலேயே நின்றது. "கைதியா? அட, ஆமால்லா! இந்தத் தீவுக்குக் கைதியா வந்தவன்னா யாரு? தியாகில்லா! வெள்ளைக்காரனை எதுத்து வந்தவன்லா!" அவர் முகத்தில் சந்தோஷம் பொங்கியது. "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலஞ்சிருக்கேன். அந்தப் பூட்டனே ஒரு தலைவருதான்!"

மறுநாள் அவளுக்கு வேடமும் வாசகமும் தயார். கையில் காகிதச் சங்கிலி. வாசகத்தை அவரே இயற்றியிருந்தார்: "தாய்மண்ணுக்காக இந்தக் கருங்கடலைக் கடந்தேன், இந்தச் சங்கிலியே எனக்கு மாலை." அவள் ஒரு முறை சொன்னாள். வராந்தா ஓடு அதிர்ந்தது. ஹெட்மாஸ்டர் கண் கலங்கிவிட்டார்.

அன்று மாலை அவள் வீட்டு வாசலில் இருந்த தென்னைக்கு அடியில் சாரங் கயிறு பின்னிக்கொண்டிருந்தார். அவள் சங்கிலியைத் தூக்கிப் பிடித்து அவரிடம் வாசகத்தைச் சொல்லிக் காட்டினாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தீவு இந்தியில்தான் பேசினார். அதில் கொஞ்சம் தமிழும் கொஞ்சம் வங்காளமும் ஒட்டிக்கொண்டிருக்கும். மகளைப் பேட்டி என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

"அரே பேட்டி, தாய்மண்ணாவது! வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற தகராறு. பக்கத்து வயக்காரனைப் பூட்டன் மண்வெட்டியால வெட்டிட்டாரு. அதுக்குத்தான் சங்கிலி."

அவள் முகம் செத்துப் போனது. ஆனால் அவர் சாதாரணமாகக் கயிறு பின்னிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார். தண்டனையில் பாதி கழிந்ததும், கல்யாணத்துக்கு ஜோடி சேர்க்க ஒரு வரிசையில் ஆண் கைதிகளும் எதிர்வரிசையில் பெண் கைதிகளும் நின்றார்கள். பூட்டனுக்கு ஒருத்தியைப் பிடித்தது; அவளுக்கும் அவரைப் பிடித்தது. அவள் என்ன செய்துவிட்டு வந்தாள் என்று அவர் கேட்டதே இல்லை. குடிசைக்கு முன்னால் ஒரு தென்னம்பிள்ளை வைத்தார்கள். சில வருஷம் கழித்து விடுதலை வந்தது. துரை அவரைக் கூப்பிட்டு, உன் ஊருக்குப் போகக் கப்பல் நிற்கிறது, ஏறிக்கொள் என்றான்.

"பூட்டன் என்ன சொன்னார், அப்பூ?"

"வஹாங் ஆத்மி காட்டா. யஹாங் நாரியல் லகாயா. ஜஹாஜ் ஜானே தோ."

அங்கே ஆளை வெட்டினேன். இங்கே தென்னை வைத்தேன். கப்பல் போகட்டும்.

"எங்க வீட்டுல கல்யாணம், சாவு, சண்டை எல்லாத்துக்கும் இதத்தான் சொல்வாங்க" என்று சிரித்தார். "நீ ஹெட்மாஸ்டர் சாப் சொன்னதையே சொல்லு பேட்டி. எனக்கொண்ணும் இல்ல. பூட்டன் இருந்திருந்தா சிரிப்பாரு, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகான நாட்களில் அவள் ஒத்திகையில் தாய்மண்ணையும் கருங்கடலையும் பிசகாமல் சொன்னாள். ஆனால் என்னிடம் மட்டும் தினமும் அதே பேச்சு. உண்மையைச் சொன்னால் ஹெட்மாஸ்டர் மேடையிலிருந்து இறக்கிவிடுவார். ஊர் முழுக்கக் கொலைகாரன் வம்சம் என்று கூப்பிடும். பொய்யைச் சொன்னால் அப்பூ ஜெட்டியில் நின்று கேட்பார். "அவர் திட்ட மாட்டார். சிரிப்பார். அதுதான் எனக்கு முடியாது" என்றாள். என் கையிலிருந்த ஒரே பொன்மொழி "ஆகட்டும், பார்க்கலாம்". அதைத்தான் சொன்னேன். அவள் என்னை அடிக்க வந்தாள்.

குடியரசு தினம் வந்தது. ஜனவரிக் கடல் எண்ணெய் ஊற்றியது போல் அடங்கிக் கிடந்தது. சாரங் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு, தொப்பி வைத்து, அதிகாரியைப் போட்டில் கொண்டுவந்து இறக்கினார். அதிகாரி நல்ல உயரம்; வெயிலில் சிவந்து போயிருந்தார். மைதானத்தின் ஒரு பக்கம் மேடை, மறு பக்கம் ஜெட்டி. சாரங் மேடைப் பக்கம் வரவில்லை. போட்டைக் கட்டிவிட்டு அதன் மூக்கில் உட்கார்ந்துகொண்டார்.

வங்காளப் பையன் ரத்தம் கேட்டான். கைதட்டல். ராஞ்சிப் பையன் ராணியை அனுப்பி வைத்தான். மொட்டைப் பையனின் கம்பிக் கண்ணாடி கழன்று விழுந்து, அவன் அதைத் தேடிக்கொண்டே "செய் அல்லது செத்து மடி" என்றான். பிறகு நான். அப்பாவின் சட்டை முழங்கால்வரை தொங்க, தோளில் துண்டோடு மைக் முன்னால் நின்றேன். "ஆகட்டும்" என்றேன். மைக் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டுச் செத்துப் போனது. "பார்க்கலாம்" என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. பெரிய ஜெட்டி வேண்டும் என்று அதிகாரியிடம் மனு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர்கள் என் "ஆகட்டும்"க்குப் பலமாகக் கைதட்டினார்கள். அதிகாரியே சிரித்துவிட்டார்.

மைக்குக்கு உயிர் வரவில்லை. அடுத்து வந்த பிள்ளைகளின் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏட்டி, நீ வா, நீ வா" என்று என் தோழியைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தார். அவளுடைய தொண்டைதான் இனி மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

மேடை ஏறும்போது அவள் என் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். காகிதச் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. ஜெட்டியைப் பார்த்துப் பேசினாள்.

"என் பூட்டன் தலைவர் இல்லை. தியாகியும் இல்லை. ஒரு ஆளை வெட்டிவிட்டு இங்கே வந்தவர். விடுதலை ஆனதும் துரை கூப்பிட்டு, கப்பல் நிற்கிறது, உன் ஊருக்குப் போ என்றான். அப்போது என் பூட்டன் சொன்னார்..."

மூச்சு வாங்கினாள்.

"வஹாங் ஆத்மி காட்டா. யஹாங் நாரியல் லகாயா. ஜஹாஜ் ஜானே தோ!"

அந்தக் குரல் மைதானத்தைத் தாண்டி, ஜெட்டியைத் தாண்டித் தண்ணீர் மேல் போனது. கைதட்டல் இல்லை. யார் முதலில் தட்டுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டரின் வாய் திறந்தபடி இருந்தது. அம்மா என்னைப் பார்த்து, உனக்கு இது தெரியுமா என்று கண்ணாலேயே கேட்டாள். அப்போது ஜெட்டியிலிருந்து தகர ஊதுகுழலில் ஒரு குரல் வந்தது.

"ஷாபாஷ், பேட்டி!"

அவ்வளவு கூட்டத்தில் சாரங் வாய் திறந்து நான் கேட்டது அது ஒன்றுதான். என் தோழி மேடையிலேயே அழுதாள். நானும் அழுதேன், காகிதச் சங்கிலி நனைந்து கையில் சாயம் ஒட்டிக்கொண்டது.

அதிகாரி எழுந்து மேடை அருகே வந்தார். ஹெட்மாஸ்டர் ஏதோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அதிகாரி அவரைக் கவனிக்காமல் அவளிடம் கேட்டார், "அந்தத் தென்னை இன்னும் இருக்கிறதா?"

"அது விழுந்துவிட்டது, சார். அதன் பிள்ளை எங்கள் வாசலில் இருக்கிறது."

"காய்க்கிறதா?"

"குலை தள்ளியிருக்கிறது, சார்."

"இந்த வெயிலுக்கு அதுதான் வேண்டும்" என்றார் அதிகாரி. பள்ளியில் அவருக்காகத் தயாராக இருந்த எலுமிச்சை சர்பத்தும் பிஸ்கெட்டும் தட்டோடு நின்றுவிட்டன. ஊர்வலமாக எல்லோரும் சாரங் வீட்டுக்குப் போனோம். சாரங் தொப்பியை மகள் தலையில் வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட காக்கியோடு மரம் ஏறினார். முதல் இளநீர் அதிகாரிக்கு. இரண்டாவது ஹெட்மாஸ்டருக்கு. மூன்றாவதை அவர் அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி முகவாயெல்லாம் வழிய வழியக் குடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய ஆளே குடித்த பிறகு இவர்களுக்கு என்ன? அப்பா வாங்கிக் குடித்தார். பிறகு அம்மாவும் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு குடித்தாள். எத்தனையோ தடவை அவளுக்குத் தெரியாமல் நான் அந்த மரத்து இளநீரைக் குடித்திருக்கிறேன். அவள் பார்க்கக் குடித்தபோதுதான் அது அவ்வளவு இனிப்பு என்று தெரிந்தது. அம்மா கெட்டவள் இல்லை. எங்கிருந்து வந்தாய் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் ஒரு மனுஷனை நம்பலாம் என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். கடல் கடந்து வரும்போது அதையும் தகரப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

மறுநாள் பள்ளியில் ஹெட்மாஸ்டர் என்ன செய்வார் என்று பயந்துகொண்டே போனோம். கரும்பலகை முன்னால் அவர் சாக்பீஸோடு நின்றிருந்தார். மூன்று சின்ன வாக்கியங்களும் பலகையில் இருந்தன. கீழே கோடும் இழுத்துவிட்டார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் அவர் கை வெகுநேரம் நின்றது. என் தோழியிடம் திரும்பி, "பூட்டன் பேரு என்னட்டி?" என்று தமிழிலேயே கேட்டார், இந்தி மறந்துபோய்விட்டது போலும். கேள்வி அவளுக்குப் புரிந்தது. அந்தப் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றாள். அவர் கொஞ்சம் யோசித்து, கோட்டுக்குக் கீழே "இந்தத் தீவுக்காரர்" என்று எழுதினார்.

"வாசிங்கட்டி" என்றார். வாசித்தோம். அன்றைக்கு யாரும் பெயரை மறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அவர் அப்பாவிடம் சொன்னார்: "கைதின்னா ஒண்ணு தியாகியா இருக்கணும், இல்லன்னா பேச்சே எடுக்கக் கூடாதுன்னு நெனச்சிருக்கேன் பாத்துக்கிடுங்க. அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு பொய்ப் பூட்டனைக் குடுத்தேன். அது வேண்டாம்னு சொந்தப் பூட்டனையே கூட்டிட்டு வந்துட்டு." அப்பா அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். ஹெட்மாஸ்டர் மாற்றலாகி ஊருக்குப் போனபோது சாரங்தான் அவரைக் கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டார். ஒரு தென்னம்பிள்ளையைச் சாக்கில் சுற்றி ஹெட்மாஸ்டர் மடியில் வைத்திருந்தார். திருநெல்வேலியில் அது பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்த ஊதுகுழல் எங்கே போயிற்றோ. காகிதச் சங்கிலியைக் கொஞ்ச நாள் வைத்திருந்தேன், கரையான் அரித்துவிட்டது. மர ஆலைச் சங்கும் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. என் தோழி இன்னும் லாங் ஐலண்டில்தான் இருக்கிறாள். அவள் போன் செய்தால் நான் அதைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன்.

இனி அப்பா. அவருக்கு வேலை போர்ட் பிளேருக்கு மாறி, இந்தக் குட்வில் எஸ்டேட்டுக்குக் குடிவந்தோம். வரும்போது சாரங் வீட்டு மரத்தின் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்து அப்பாதான் கொல்லையில் வைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா கெடக்கட்டும். நம்ம போனதும் வர்றவன் குடிப்பான்" என்றார். ரிட்டயர் ஆனார். ராமநாதபுரத்தில் சித்தப்பா வீடு பார்த்து வைத்துவிட்டார். கப்பல் டிக்கெட் வந்தது. சாமான்களைக் கட்டினோம். தகரப்பெட்டியைத் திறந்து, பூச்சி உருண்டையை உதறி, முதன்முறையாக அந்தப் புதுத்துணியை உடுத்திக்கொண்டோம். அப்பாவுக்கு அந்தச் சட்டை வயிற்றில் பட்டன் போடவில்லை.

ஜெட்டிக்குப் போக ஜீப் வந்து வாசலில் நின்றது. அப்பாவைக் காணோம். தேடிப் போனேன். கொல்லையில் தென்னைக்கு அடியில், பட்டன் போடாத புதுச்சட்டையோடு, கையில் வாளி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மரம் அந்த வருஷம்தான் முதல் பாளை விட்டிருந்தது.

"அப்பா, கப்பலுக்கு நேரமாச்சு."

அவர் அண்ணாந்து பாளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி சிரித்தார்.

"ஜஹாஜ் ஜானே தோ, ஆத்தா" என்றார்.

அவரைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கலங்கிக்கொண்டே உள்ளே போனேன். கட்டிய சாமான் மூட்டை ஒன்று அவிழ்ந்து கிடந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவர வந்து கை கழுவச் சொல்லு" என்றாள். "காலையிலேயே அரிசி களஞ்சு வச்சிட்டேன்."